கலங்கலில் பிறக்கும் ஆறு

அடையாற்றுக்கு மலை கிடையாது. ஒரகடத்துக்குக் கிழக்கே மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதுதான் அதன் பிறப்பு. 42 கிலோமீட்டர் ஓடிச் சென்னையில் கடல் சேர்கிறது.

ஐப்பசி மழை வலுத்ததும் நான் ஓர் ஏரியின் உபரிநீர் வழியும் கல் விளிம்பான கலங்கலுக்குப் போய்விடுவேன். முதலில் கல்லின் விளிம்பு நனைகிறது. பிறகு கண்ணாடித் தகடுபோல ஒரு மெல்லிய நீர்ப்பட்டை சத்தமின்றிச் சரிகிறது. விரல் வைத்தால் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். அதே ஏரியின் மதகு கீழே வயலுக்குத் தண்ணீர் விடும். மிஞ்சியதுதான் அடுத்த ஏரிக்கு, அப்புறம் ஆற்றுக்கு. எவ்வளவு நாணயமான ஏற்பாடு!

செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலை அருகே வந்து சேர்கிறது. அந்த ஏரி 24 அடி ஆழம், சென்னைக்குக் குடிநீர். அதன் உபரிநீரும் சேர்ந்து 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியதை நகரம் மறக்கவில்லை.

இன்று ஒரகடம் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளின் மதில்களுக்கு இடையே வாய்க்கால்கள் ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆனாலும் கலங்கல் வழிகிற அன்று, ஷிஃப்ட் முடிந்த பையன்கள் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, எதிரேறும் கெண்டையைக் கையாலேயே பிடிக்கிறார்கள்.