இடப்பக்கம் கதவில்லை

பஜாஜ் ஆட்டோவின் விவரங்களை இலங்கையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாட்டில் பதிவான முச்சக்கரவண்டிகள் 11 இலட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு இதே முகந்தான். இயந்திரம் பின்னால், கியர் இடக் கைப்பிடியில், ரிவர்ஸுக்குத் தனியாக ஒரு நெம்புகோல். இரண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா என்ற சண்டை 2008இல் இரண்டு ஸ்ட்ரோக் இறக்குமதியைத் தடுத்ததோடு ஓய்ந்தது. லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்பவர்களுக்கு மாத்தளையில் ஒரே பதில்: எந்தப் பக்கத்து மலையில் ஏறுகிறீர்கள்? இவ்வளவு போதும். எழுத வந்த விஷயம் எந்த விளம்பரத் துண்டிலும் இல்லாதது. இந்த வண்டிக்கு இடப்பக்கம் கதவு கிடையாது. எங்கள் வீட்டில் நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

வாடகைக்கு ஓட்டுவதற்காக நாங்கள் இதை வாங்கவில்லை. கணக்குப் போட்டதெல்லாம் காருக்குத்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன் பிறகு பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம், ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையை விடச் செங்குத்து. 2025இல் இறக்குமதியைத் திறந்தபோது வரியையும் சேர்த்தே திறந்தார்கள். ஆகவே கைமாறி வந்த நாலு ஸ்ட்ரோக் ஆட்டோ ஒன்று முற்றத்தில் நிற்கிறது. வலப்பக்கம் குறுக்கே கம்பி போட்டிருக்கிறது. இடப்பக்கம் ஊருக்குத் திறந்து கிடக்கிறது. பஜாஜ் மீது எனக்குக் கொஞ்சம் பட்சம் உண்டு, மறைக்கவில்லை. எந்தச் சந்தியில் நின்றாலும் இதைத் திறந்து பார்க்கத் தெரிந்த பாஸ் ஒருவர் கிடைப்பார். கிளச் கேபிள் அறுந்தால் பாண் வாங்குகிற நேரத்தில் கேபிளும் வாங்கிவிடலாம். வேறு எந்த வாகனத்தைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

இந்த வகை வண்டியின் மூதாதை, இத்தாலியின் பியாஜியோ 1948இல் வெளியிட்ட அப்பே. அதை வரைந்த கொராதினோ தஸ்கானியோ அதற்கு முன்னால் ஹெலிகொப்டர் செய்து பார்த்த மனிதர். முதல் அப்பேயில் ஓட்டுகிறவருக்கே கூரை இல்லை, பின்னால் சரக்குப் பெட்டி மட்டும். சரக்குக்கு எதற்குக் கதவு என்று நினைத்திருப்பார்கள். சரக்கு தன் செருப்பைத் தானே கழற்றி ரோட்டில் போடாது.

எங்கள் மகள் போடுவாள். அவளைத் தனியாக ஓரத்தில் உட்காரவிடுவதில்லை. அம்மாவுக்கும் அப்பாச்சிக்கும் நடுவில்தான் இடம், கவுனின் பெல்ட் அம்மாவின் கையில். அப்படியிருந்தும் அம்மாவின் மடிமேல் காலை நீட்டினால் பாதம் மட்டும் சரியாக வெளியே எட்டிப் பார்க்கும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். “என்னங்க, நிப்பாட்டுங்க! ஒத்தச் செருப்பக் காணோம்” என்று பின்னாலிருந்து குரல் வருவதற்குள் நாம் அடுத்த வளைவைத் தாண்டியிருப்போம். வாரில் ஒட்டும் பட்டி வைத்த செருப்பு வாங்கிப் பார்த்தோம். அந்தப் பட்டியைப் பிரிக்கும்போது வருகிற ‘கர்ர்’ சத்தம் அவளுக்கு மிகவும் பிடித்துப் போனது.

ஒருநாள் பலாபத்வெல தாண்டி வரும்போது பின்னால் ஒரு லொறி விளக்கடித்துக்கொண்டே வந்தது. தம்புள்ளைக்குப் போகிற மரக்கறி லொறி. ஒதுங்கினேன், முந்தவில்லை. இன்னும் ஒதுங்கினேன், ஹோர்ன் அடித்தார். ஏதோ தப்பாக ஓட்டிவிட்டேன், இறங்கி ஏசப்போகிறார் என்று மனதில் பதில்களை அடுக்கிக்கொண்டு ஓரங்கட்டினேன். லொறி பக்கத்தில் வந்து நின்றது. கிளீனர் பையன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். கையில் ரோஸ் நிறத்தில் ஒரு சின்னச் செருப்பு. “பபாகே செரெப்புவ!” என்று கொடுத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்கள்.

அந்த லொறிக்காரர்கள் செய்த நல்ல காரியத்தின் விளைவை அவர்கள் அறியமாட்டார்கள். கீழே போட்டால் லொறி கொண்டுவந்து தரும் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிரூபிக்கப்பட்ட உண்மை. தண்ணீர்ப் போத்தலின் மூடி, அரைக் கிம்புலா பணிஸ், அப்பாச்சியின் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று வரிசையாகப் போயின. போட்டுவிட்டு அழுவதுமில்லை. திரும்பிப் பின்கண்ணாடி வழியாக லொறி வருகிறதா என்று பார்ப்பாள்.

வெளியே போவது இப்படி. உள்ளே வருவதற்கும் தடையில்லை. டவுனில் நெரிசலில் நின்றால் பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு கை நீளும், இவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகும். யார் கை என்று பார்ப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும். ரம்புட்டான் காலத்தில் தெரியாத அம்மாக்கள் காம்போடு நாலு பழத்தை மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். என் மனைவிக்குக் கடன் தர வேண்டிய ஒருத்தி இருந்தாள். காரில் போயிருந்தால் பார்த்திருக்கவே முடியாது. ஆட்டோ நின்ற இடத்தில் மகள் “அத்தே!” என்று உரக்கக் கூப்பிட்டு நிறுத்திவிட்டாள். கடன் பாதி வந்தது.

ஆனால் இந்தத் திறந்த பக்கத்தின் முழு வலிமை ஒரு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து திரும்பும் வழி. மனைவி மருந்துக்கடைக்கு இறங்கினாள். வண்டியை நிறுத்திவிட்டு நானும் மகளும் காத்திருந்தோம். முன்னால் கண்டி பஸ் ஒன்றின் வாசலில் தொங்கிக்கொண்டு கொண்டக்டர் “நுவர நுவர நுவர” என்று கத்திக்கொண்டிருந்தார். மகள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சீட்டில் ஏறி நின்று, “ரத்தோட்ட ரத்தோட்ட ரத்தோட்ட! ஏறுங்க ஏறுங்க!” என்று ஆரம்பித்தாள். குரலில் சலிப்புக்கூடச் சரியாக வந்தது.

இரண்டு பைகளோடு ஒரு பாட்டி ஏறி உட்கார்ந்துவிட்டார். “நாலாங்கட்டையில எறக்கிவிடுப்பா” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கையை நீட்டி “டிக்கட்?” என்றாள். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாத் தாளொன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். இது ஓடுகிற வண்டி இல்லை, சொந்த வண்டி என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் மருந்துப் பொட்டலத்தோடு மனைவி வந்து நின்று, தன் இடத்தில் இருக்கும் ஆளைப் பார்த்துத் திகைத்தாள். பாட்டி சற்று நகர்ந்து, சீட்டைத் தட்டிக் காட்டி, “ஏறும்மா, எடமிருக்கு” என்றார்.

மனைவி ஏறினாள். வேறென்ன செய்ய? நாலாங்கட்டை வரைக்கும் போனோம். வழியில் விஷயத்தை விளக்கினேன். பாட்டிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. காசைத் திருப்பிக் கொடுக்கத்தான் பெரும்பாடு. “அது டிக்கட் காசு” என்று மகள் தாளை உள்ளே எங்கோ சொருகிக்கொண்டாள். “புள்ளகிட்டயே இருக்கட்டும்” என்று பாட்டி இறங்கிப் போனார். இப்போதெல்லாம் எங்களிடமும் டிக்கட் கேட்கப்படுகிறது. அப்பாச்சிக்கு மட்டும் அரை டிக்கட். ஓட்டுகிற எனக்குச் சலுகை இல்லை.

மழையைப் பற்றிக் கொஞ்சம் திட்ட வேண்டும். ஒக்டோபர் பிறந்தால் மாத்தளையில் பின்னேரம் இடியோடு மழை. அதற்காக ரெக்சின் திரை தைத்துப் போட்டோம். தைத்தவரின் கடைப் பெயர் வேண்டாம். நடுவில் வைத்த பிளாஸ்டிக் ஜன்னல் இரண்டாவது மழையிலேயே மங்கிவிட்டது. வெளியே நிற்பது மாடா, மாமாவா என்று தெரிவதில்லை. பிரஸ் பட்டன்கள் பெரியவர்கள் விரலுக்கு மூடாது, பிள்ளை விரலுக்குத் திறக்கும். ‘டப், டப், டப்’ என்று மூன்றையும் எடுத்துவிட்டுத் திரையை விலக்கி, பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நிற்பவர்களைப் பார்த்து “வணக்கம்!” என்பாள். அவர்களும் வணக்கம் சொல்வார்கள். அதற்குள் மனைவியின் இடத் தோளிலிருந்து முழங்கால் வரை நனைந்திருக்கும். ஒரு மனிதர் பையை இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார், குடை காற்றோடு போயிற்று. அதையும் லொறி கொண்டுவரும் என்று மகள் அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வரி போதும். இயந்திரத்தின் நடுக்கம் பின்சீட்டில் ஏறி, சந்தியைத் தாண்டுவதற்குள் மகளைத் தூங்க வைத்துவிடும். சாவியைத் திருப்பிய நொடியில் கண் திறக்கும். 2022இல் கியூ.ஆர். காட்டினால் ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலத்தை மறக்காத நான், வாசலில் வண்டியை ஓடவிட்டு நிற்கும்போது தூக்கத்தின் விலையைச் சதக் கணக்கில் சொல்லுவேன்.

மகளிடம் கேட்டால் இந்த வண்டிக்கு ஒரே குறை. பாடாது. பின்னேரமானால் எங்கள் ஒழுங்கைக்குள் சூன் பாண் ஆட்டோ வரும். அதே பஜாஜ், பின்னால் கண்ணாடிப் பெட்டி, மேலே ஒலிபெருக்கி, அதில் ‘ஃபூர் எலிஸ்’. பேத்தோவன் 1810இல் எழுதி, அவர் இறந்து நாற்பது வருஷத்துக்குப் பிறகு 1867இல் அச்சேறிய துண்டு. மகளுக்கு அது பணிஸ் பாட்டு. “அப்பா, நம்ம ஆட்டோ ஏன் பாட மாட்டேங்குது?” என்று கேட்டாள். நம்முடையதில் பணிஸ் இல்லையே என்றேன். மறுநாள் பின்சீட்டுக்குப் பின்னால் நாலு பணிஸ் இருந்தன, எறும்போடு. இருந்தும் பாடவில்லை. இந்தக் குறையை இன்னும் தீர்க்க முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காரும் கிடைத்தது. சொந்தக்காரர் ஒருவர் நாலந்தா கெடிகேக்குக் கூட்டிப் போனார். போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டிய கோயில் அது, கட்டாயம் பார்க்க வேண்டியது. காரில் ஏ.சி., கண்ணாடி எல்லாம் ஏற்றி, கதவுகளுக்குப் பிள்ளைப் பூட்டு. மகள் மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், “நாம போறமா, நிக்கிறமா?” என்று கேட்டாள். போகிறோம் என்று சொன்ன சற்று நேரத்தில் சீட்டெல்லாம் வாந்தி. நான் கார்களுக்கு எதிரி இல்லை. அக்குறணை வழியாகக் கண்டிக்குப் போகும்போது பஸ்களுக்கு நடுவில் இந்த ஆட்டோவில் பிள்ளையோடு போகவே மாட்டேன். பின்சீட்டில் பெல்ட் இல்லை, பிள்ளைச் சீட்டைக் கட்ட இடமும் இல்லை. அந்தப் பயணத்துக்குப் பஸ்தான். சந்தைக்கு, முன்பள்ளிக்கு, அலுவிகாரைக்கு, கோயிலுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

மனைவி இதை ஒத்துக்கொள்ளவில்லை. நனைந்த தோளும் ஒற்றைச் செருப்புகளும் அவள் பக்கத்துச் சாட்சி. போன மாதம் புது மின்சார ஆட்டோக்களைப் பார்க்கப் போயிருந்தோம், வாங்க இல்லை, பார்க்கத்தான். சத்தமில்லை, புகையில்லை, சீட்டில் நடுக்கமும் இல்லை. தூக்கத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். விற்பனைப் பையன் இரண்டு பக்கமும் கதவு வைத்துத் தரலாம், பழைய வண்டிக்கும் அதே மாதிரி வைக்கலாம் என்றான். மனைவி உடனே விலை கேட்டாள். மகள், கதவு வைத்தால் ஆள் எப்படி ஏறும் என்று கேட்டாள். சீட்டில் சாய்ந்து வெற்றிலையை மென்றுகொண்டிருந்த அப்பாச்சி இரண்டு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நா எங்கிட்டுத் துப்புறது?”