தோற்றும் விற்ற நாவல்

அமெரிக்க எழுத்தாளர் ஜோசையா பான்கிராஃப்ட் 2013-இல் தன் முதல் நாவலைத் தானே பதிப்பித்தார். அதில், தேனிலவுக்குப் போன இடத்தில், பாபேல் கோபுரத்தடி நெரிசலில், ஒரு பள்ளித் தலைமையாசிரியர் தன் புது மனைவியைத் தொலைத்துவிடுகிறார். அவளைத் தேடி அந்தக் கோபுரத்தில் தளம் தளமாக ஏறுகிறார். ‘சென்லின் அசெண்ட்ஸ்’ என்ற அந்தப் புத்தகம் மூன்று ஆண்டுகள் அநேகமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2016-இல் அதை ஒரு போட்டிக்கு அனுப்பினார். இறுதிச் சுற்றுக்குக்கூட அது தேறவில்லை.

ஆனால் போட்டிக்காக அதைப் படித்தவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. பேச்சு போட்டி அமைப்பாளரின் காதுக்கு எட்டியது. அவரும் படித்தார், படித்துவிட்டு ஊரறியப் புகழ்ந்தார். 2018 ஜனவரியில் ஆர்பிட் என்ற பெரிய பதிப்பகம் அந்த நாவலைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. 2021-இல் நான்காம் பாகத்தோடு தொடர் நிறைவடைந்தது.

தோற்ற புத்தகத்துக்கு இது எப்படி வாய்த்தது? சுயவெளியீட்டு ஃபேன்டஸி எழுத்தாளர்களுக்கு விருதுகளால் என்ன பயன் என்ற கேள்விக்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது.

அந்த அமைப்பாளரின் பெயர் மார்க் லாரன்ஸ். 2011-இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்’ நாவலால் பெயர் பெற்றவர். பதிப்பகத்தின் படியேறிப் புகழடைந்த அவருக்கு, அந்தப் படியில் கால் வைக்க முடியாதவர்களின் நிலை உறுத்தியது. 2015-இல் ஒரு போட்டியைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்பிஎஃப்பிஓ என்பார்கள். ஏற்பாடு எளிமையானது. 300 சுயவெளியீட்டு நாவல்கள். ஃபேன்டஸி நூல்களை விமர்சிக்கும் பத்து வலைப்பதிவுக் குழுக்கள். குழுவுக்கு 30 புத்தகங்கள். ஒவ்வொரு குழுவும் தன் முப்பதிலிருந்து ஒன்றை மட்டும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பும். அப்படி வரும் பத்து நாவல்களையும் பத்துக் குழுக்களும் படித்துப் பத்துக்கு மதிப்பெண் போடும். சராசரியில் முதலில் நிற்பது வெல்லும். எல்லாம் முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆகிவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. வென்றவருக்கு ‘செல்ஃபி ஸ்டிக்’ என்று செல்லப் பெயரிட்ட ஒரு கோல் கிடைக்கும். அவ்வளவுதான்.

பணமே இல்லாத இந்தப் பரிசு புத்தகங்களை விற்றுக் காட்டியது. 2015-இல் வெளியான ஜொனதன் ஃபிரெஞ்சின் ‘தி கிரே பாஸ்டர்ட்ஸ்’ இரண்டாம் ஆண்டுப் போட்டியில் வென்றது. 2018-இல் பென்குயின் ரேண்டம் ஹவுஸ் குழுமத்தைச் சேர்ந்த கிரவுன் பதிப்பகம் அதை வெளியிட்டது. காட்டுப்பன்றிகள் மேல் சவாரி போகும் அரை-ஓர்க் முரடர்களின் (ஓர்க் என்பது ஃபேன்டஸிக் கதைகளில் வரும் ஒரு மூர்க்க இனம்) கதை அது. நாவில் நெருப்புள்ள மொழி. ஒரு நிறுவனத்தின் வாசல் மேசையிலேயே திருப்பி அனுப்பப்படக்கூடிய நூல் என்று தயங்காமல் சொல்லலாம். பத்துக் குழுக்கள் படித்து மதிப்பெண் போட்ட பிறகு அதைப் புறந்தள்ளுவது எளிதாக இல்லை.

இந்தப் போட்டியின் இன்னொரு நல்ல குணம் போதிய அளவு பேசப்படுவதில்லை. புத்தகத்தின் வயதை அது பார்ப்பதில்லை. ஹ்யூகோ போன்ற பெரிய விருதுகள் முந்தைய ஆண்டில் வந்தவற்றையே எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு வருடத்துக்குள் கவனம் பெறாத புத்தகத்துக்கு வாசல் அடைபட்டுவிடும். விளம்பரத்துக்கு ஆள் வைத்திருக்கும் பதிப்பகத்துக்கு அது சரிப்படும். தனியாளாக எழுதி, தானே அட்டைக்கு ஓவியர் பிடித்து, தானே பிழை திருத்தி விற்பவருக்கு ஒரு வருடம் எந்த மூலைக்குப் போதும்? ஜே. ஸக்கரி பைக்கின் ‘ஓர்கனாமிக்ஸ்’ 2014-இல் வந்தது. சாகச வீரர்கள் கொள்ளையடிக்கப் போகும் புதையலைப் பங்குச் சந்தையில் முன்கூட்டியே கூறுபோட்டு விற்கும் ஓர் உலகத்தைப் பற்றிய அங்கத நாவல். அது எஸ்பிஎஃப்பிஓவில் வென்றது 2019-இல், ஐந்து ஆண்டுகள் கழித்து. அதற்குள் இரண்டாம் பாகமும் கைவசம் இருந்தது. புத்தகக் கடை அலமாரியில் ஐந்து வருடம் பழைய நூலுக்கு இடமில்லை. மின்நூல் கடையில் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஆள் வரச் செய்ததுதான் விருதின் வேலை.

எப்படி வரச் செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். அட்டையில் ஒட்டும் தங்க வட்டத்தைப் பார்த்து யாரும் புத்தகம் வாங்கிவிடுவதில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரு நாவலுக்கு, சில மாதங்களுக்குள் பத்து இடங்களில் விரிவான விமர்சனம் வருகிறது. ஒருவர் ஒன்பது போடுவார், இன்னொருவர் ஐந்து. ஐந்து போட்டவரின் காரணங்களைப் படித்துவிட்டு “எனக்கு இதுதானே பிடிக்கும்” என்று வாங்குகிறவர்களும் உண்டு. மதிப்பெண் பட்டியல் பொதுவில் இருக்கிறது. யார் முந்துகிறார் என்று கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் வாசகர்கள் பார்க்கிறார்கள். ஆசிரியரும் இந்தச் சமயம் பார்த்து விலையை 99 சென்ட்டுக்கு இறக்குகிறார். ஒரு விருது ஒரு வருடத்துக்கு ஓயாத பேச்சை உண்டாக்கினால் அது சந்தைப்படுத்தல். மேடையில் ஒரு நாள் கைதட்டி முடித்துவிட்டால் அது மரியாதை. மரியாதை நல்லதுதான். ஆனால் அதனால் புத்தகம் நகராது.

இங்கேதான் காசு வாங்கும் விருதுகளைப் பற்றி நேராகப் பேச வேண்டியிருக்கிறது. சுயவெளியீட்டு நூல்களுக்கென்று ஆங்கில உலகில் நடக்கும் போட்டிகள் பலவற்றில் ஒரு நூலுக்கான நுழைவுக் கட்டணம் நூறு டாலரை ஒட்டி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமேசானில் 2.99 டாலருக்கு விற்கும் மின்நூலில் ஆசிரியருக்கு 70 விழுக்காடு, அதாவது சுமார் 2.09 டாலர். நூறு டாலரை மீட்க 48 பிரதிகள் விற்க வேண்டும். அதே நூலை 99 சென்ட்டுக்கு இறக்கினால் பங்கு 35 விழுக்காடாகக் குறைந்துவிடும். அப்போது 289 பிரதிகள். ஒரு போட்டிக்கே இந்தப் பாடு. நான்கைந்துக்கு அனுப்பினால் நல்ல ஓவியர் ஒருவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணம் கரைந்துவிடும். ஃபேன்டஸியைப் பொறுத்தவரை அட்டை ஓவியம்தான் முதல் விற்பனையாள். எந்தப் பதக்கமும் அதற்கு ஈடாகாது.

கட்டணம் வாங்குவதாலேயே ஒரு போட்டி மோசமாகிவிடாது. நடுவருக்குக் கூலி கொடுக்கவும் விமர்சனம் எழுதித் தரவும் செலவு உண்டு. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு. பிரிவுகள் எண்பது, தொண்ணூறு என்று பெருகி, ஒவ்வொன்றிலும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பகிர்ந்தால், அனுப்பியவர்களில் கணிசமானவர் கையில் ஏதோ ஒன்று இருக்கும். வென்றவருக்கே பிறகு அந்தத் தங்க ஒட்டியை விலைக்கு விற்பார்கள். அந்த விருதை வாசகர் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். லண்டனை மையமாகக் கொண்ட சுயவெளியீட்டாளர் கூட்டமைப்பான அலை (ALLi), இப்படிப்பட்ட விருதுகளையும் போட்டிகளையும் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிடுகிறது. கட்டணம் கட்டும் முன் அதைப் பார்ப்பது ஒவ்வொரு எழுத்தாளரும் செய்யவேண்டிய வேலை. பட்டியல் கையில் இல்லாவிட்டாலும் ஒரு கேள்வி போதும்: போன வருடம் வென்ற புத்தகத்தைப் பற்றி யாராவது எங்காவது எழுதியிருக்கிறார்களா?

லாரன்ஸின் போட்டியும் குறையற்றதல்ல. அதன் பெரிய குறை அதன் எளிமையிலேயே இருக்கிறது. எந்த நாவல் எந்தக் குழுவிடம் போகும் என்பது குலுக்கல். மென்மையான குடும்பக் கதையை ரத்தம் தெறிக்கும் போர்க்கதைப் பிரியர்களிடம் கொடுத்தால் சில அத்தியாயங்களோடு மூடிவிடலாம். ஒரே குழுவில் இரண்டு அருமையான நாவல்கள் மாட்டிக்கொண்டால் ஒன்று வெளியேறியே ஆக வேண்டும். பக்கத்துக் குழுவில் அதைவிடச் சுமாரான நாவல் உள்ளே போகும். பான்கிராஃப்ட் தப்பியது அவருக்காகப் பேச ஒருவர் இருந்ததால். பேச ஆளில்லாமல் போன நாவல்கள் எத்தனையோ. இறுதிக்கு வராத 290 எழுத்தாளர்களில் பலருக்கு ஒரு பத்தி விமர்சனமே மிஞ்சும்.

நடுவர்களையும் நினைக்க வேண்டும். கூலி இல்லாமல், தங்கள் மாலை நேரத்தில் முப்பது நாவல்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். சோர்ந்து விலகுபவர்கள் உண்டு. அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வருகிறார்கள். இவ்வளவு பெரிய பயனும் சிலருடைய இலவச உழைப்பின் மேல் நிற்கிறது என்பது பெருமையா, பலவீனமா? இரண்டும்தான்.

விருது கொடுக்கும் வெளிச்சத்தை என்ன செய்வது என்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது, அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எம். எல். வாங்கின் ‘தி சோர்ட் ஆஃப் கைகென்’ 2019-இல் வந்து 2020-இல் வென்றது. மிசாகி என்ற இல்லத்தரசி, தான் ஒரு காலத்தில் வாள்வீச்சில் தேர்ந்தவள் என்பதை மறைத்து ஒரு மலைக்கிராமத்தில் வாழ்கிறாள். போர் அவள் வாசலுக்கு வருகிறது. தாயும் மகனும் மாறி மாறிச் சொல்வதுபோல் நகரும் அந்த நாவல் வாசகர்களைக் கலங்கவைத்தது. ஆனால் அது தனி நாவல். முடித்துவிட்டு “அடுத்தது எங்கே?” என்று வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அதே உலகத்தில் அவர் எழுதிவந்த ‘தியோனைட்’ தொடரை அவரே கைவிட்டார். அவருடைய ‘பிளட் ஓவர் பிரைட் ஹேவன்’ வந்தது 2023-இல்தான். 2024-இல் டெல் ரே பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. நியூசிலாந்தின் ஏ. ஜே. லங்காஸ்டர் விஷயம் வேறு. அவருடைய ‘தி லார்ட் ஆஃப் ஸ்டேரியல்’ நான்கு பாகத் தொடரின் முதல் நூல். உள்ளே வந்த வாசகர் அடுத்தடுத்த கதவுகளைத் திறந்துகொண்டே போகலாம். கலையாக எது உயர்ந்தது என்பதல்ல இங்கே பேச்சு. வாங் கையிலிருந்ததை விட்டுவிட்டு நல்ல நாவல் எழுதினார் என்பது அவருடைய துணிச்சல். ஆனால் விருதை விற்பனையாக மாற்ற நினைப்பவர், விருது வரும் நாளில் இரண்டாவது புத்தகம் கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்பனை முதலில் வந்து விருது பின்னால் வருவதும் உண்டு. ஒலிநூல் வாசிப்பாளராக இருந்த டிராவிஸ் பால்ட்ரீ, ஓர்க் பெண் ஒருத்தி வாளைத் தொங்கவிட்டுக் காபிக்கடை திறக்கும் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ நாவலை 2022 பிப்ரவரியில் தானே வெளியிட்டார். வாசகர்கள் வாய்வழியாகவே அதைத் தூக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே டோர் பதிப்பகம் அதை வெளியிட்டது. 2023-இல் ஹ்யூகோ, நெபுலா விருதுகள் இரண்டின் இறுதிப் பட்டியலிலும் அது இருந்தது. இங்கே விருது புத்தகத்தைக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டதற்கு ஒப்பம் போட்டது.

விற்பனையையே தகுதியாக வைக்கும் விருதுகள் இந்த வரிசையை விதியாகவே ஆக்கிவிடுகின்றன. அமேசான் பிரிட்டனில் 2017-இல் தொடங்கிய கிண்டில் ஸ்டோரிடெல்லர் விருதுக்கு 20,000 பவுண்டு பரிசு. குறும்பட்டியலை வாசகர் வரவேற்பு தீர்மானிக்கிறது. இந்தியாவில் அதே நிறுவனம் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ போட்டியில் 2018 முதல் தமிழும் இடம்பெற்றது. தமிழில் தானே வெளியிட நினைத்தவர்களுக்கு அது உண்மையான உந்துதல் கொடுத்தது. அந்த வகையில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் விற்பனையும் நட்சத்திரக் குறிகளும் முதல் வடிகட்டியானால், நண்பர் கூட்டம் பெரிதாக உள்ளவர் முன்னால் நிற்பார். யாரையும் தெரியாத ஊரில் இருந்து எழுதுகிறவர் பின்னால் நிற்பார். அவருக்குத்தான் விருது அதிகம் தேவை.

ஆகவே கட்டுரையாளரின் தீர்ப்பு இது: படிக்கவைக்கும் விருது சுயவெளியீட்டு எழுத்தாளருக்கு உதவும், பதக்கம் மட்டும் கொடுக்கும் விருது உதவாது. முன்னதற்குப் பணம் அதிகம் தேவையில்லை என்பதை லாரன்ஸ் காட்டிவிட்டார். 2021-இல் ‘வூல்’ நாவலாசிரியர் ஹியூ ஹௌவி அறிவியல் புனைவுக்கும் இதே அச்சில் ஒரு போட்டியைத் தொடங்கிவைத்தார். தமிழில் பத்து நல்ல வாசகர்கள் சேர்ந்தால் முப்பது புத்தகங்களோடு இதைத் தொடங்கலாம். அது நடக்கும்வரை ஒன்று செய்யுங்கள்: தானே பதிப்பித்த ஓர் எழுத்தாளரின் நாவலை வாங்கிப் படித்து, பிடித்ததையும் பிடிக்காததையும் பத்து வரியில், அவர் பெயரோடும் புத்தகத்தின் பெயரோடும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதிவையுங்கள்.