தறியும் வரலாறும்: ஹன்னா ரிக்கனின் சித்திர நெசவு பற்றிச் சில கருத்துக்கள்

கவின்கலை வேறு, கைவினை வேறு என்னும் பாகுபாடு என்றுமுள்ளதொன்றன்று. ஐரோப்பாவிலே ஓவியனும் சிற்பியும் கைத்தொழிற் கழகங்களின் கட்டுப்பாட்டினின்றும் விடுபட்டு, தம்மை அறிவுத்துறையினராக நிலைநாட்ட முற்பட்ட காலத்திலேயே அது தோன்றியது; தொழிற்புரட்சியின் பின்னர் இறுகியது. மூளை உழைப்புக்கும் உடல் உழைப்புக்கும் இடையே வர்க்க சமுதாயம் ஏற்படுத்திய பிளவின் அழகியல் வடிவமே அது எனலாம். இப்பாகுபாட்டினால் மிகுதியும் தாழ்த்தப்பட்ட கலைகளுள் நெசவும் ஒன்று. 1919இல் வைமார் நகரிலே தொடங்கப்பட்ட பௌஹவுஸ் கலைக்கூடம் கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் இடையிலான மதிலைத் தகர்ப்பதாகப் பிரகடனஞ் செய்தது. எனினும், அங்கு சேர்ந்த பெண்களுட் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அது அனுப்பிற்று. மதில் தகர்ந்த இடத்தில் வேலி எழுந்தது.

இப்பிரச்சினை நமக்குப் புதியதன்று. ஆனந்த குமாரசுவாமி தமது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலை 1908இல் வெளியிட்டபோது, வில்லியம் மொரிஸ் தமது கெல்ம்ஸ்கொட் அச்சகத்திற் பயன்படுத்திய பொறியிலேயே அதனை அச்சிடுவித்தார். மொரிஸிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டது கைவினையின் மேன்மை பற்றிய கோட்பாட்டை. பெற்றுக்கொள்ளாது விட்டது மொரிஸின் சோசலிசத்தை. அவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட கைவினைக் கோட்பாடு மத்தியகாலக் கம்மாளனையும் நெசவாளனையும் இலட்சிய உருவங்களாக்கிற்று. அவர்தம் ஊழியக் கடமைகளையும் சாதிக் கட்டுப்பாட்டையும் மங்கச் செய்தது. மொரிஸிடத்தும் முரண்பாடு இல்லாமலில்லை. தமது கைகளாலே சாயந்தோய்த்துத் தறியில் அமர்ந்து பழகிய அவர் உற்பத்தி செய்த பொருள்களை வாங்கக்கூடியவர்களாயிருந்தோர் செல்வர்களே. கைவினையின் விடுதலை, வாங்குவோனின் பணப்பையிலே முடிவடைந்தது. இம்முரண்பாட்டை மனதிற்கொண்டே ஹன்னா ரிக்கன் என்னும் நோர்வே நாட்டு நெசவுக் கலைஞரின் வாழ்வையும் ஆக்கங்களையும் நோக்க விரும்புகின்றேன்.

ஹன்னா 1894இல் சுவீடனின் மால்மோ நகரிலே தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே லுண்ட் நகரிலிருந்த டென்மார்க் ஓவியர் பிரெட்ரிக் கிரெப்ஸிடம் ஆறாண்டுகள் ஓவியம் பயின்றார். 1922இல் ட்ரெஸ்டனுக்குக் கல்விப் பயணம் மேற்கொண்டபோது நோர்வே ஓவியர் ஹன்ஸ் ரிக்கனைச் சந்தித்தார். மறு ஆண்டு மணம் நிகழ்ந்தது. 1924 முதல் ட்ரொண்ட்ஹைம் நீரிணைப்பின் வாயிலிலுள்ள ஓர்லாண்ட் என்னும் ஊரிலே, மின்சாரமோ குழாய்நீரோ இல்லாத சிறு பண்ணையொன்றில் இருவரும் வாழத் தலைப்பட்டனர். தூரிகையை வைத்துவிட்டு ஹன்னா தறிக்கு வந்தது இக்கட்டத்திலேயே. தறியை அமைத்துக் கொடுத்தவர் ஹன்ஸ். ஆட்டு மயிரைச் சிக்கெடுத்து நூற்றதும், அதற்குச் சாயமேற்றியதும் ஹன்னாவே. சாயப்பொருள்கள் சுற்றுப்புறத்திலே கிடைத்த இலை, பட்டை, வேர், கற்பாசி என்பன. நீல நிறத்துக்கு வீட்டாரிடமும் வந்துபோவோரிடமும் சேர்த்த சிறுநீரைத் தொட்டியிலே புளிக்கவைத்தார். அவருடைய நெசவுகளிற் காணப்படும் அந்த ஆழ்ந்த நீலத்தை வியக்கும் இரசிகர் பலர் தொட்டியின் நாற்றத்தை நினைப்பதில்லை. அழகியல் பெரும்பாலும் அவ்வாறே உற்பத்தியை மறந்துவிடுகின்றது.

அவர் நெய்த முறையே இங்கு முதன்மையாக ஆராயற்பாலது. சித்திர நெசவிலே நெடுக்காக இழுத்துக் கட்டிய பாவு முற்றாக மறையுமாறு ஊடை நூல் அடித்து இறுக்கப்படும். ஊடை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடுவதில்லை. தனக்குரிய நிறப்பரப்பின் எல்லைவரை சென்று திரும்பும். எனவே படம் துணியின்மேல் இடப்படுவதன்று; படமும் துணியும் ஒரே வேளையில் உண்டாகின்றன. ஐரோப்பிய மரபிலே இவ்வேலை இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. ஓவியன் முழு அளவிலான மாதிரிப்படத்தை வரைந்தான். பெயர் தெரியாத நெசவாளர்கள் அதனைப் பார்த்து நெய்தனர். ரபேலின் மாதிரிப்படங்களைக் கொண்டு பிரசல்ஸ் நகரப் பட்டறையிலே வத்திக்கானுக்காக நெய்யப்பட்ட சீலைகளை இன்றும் ரபேலின் படைப்புக்கள் என்றே குறிப்பிடுகின்றோம். 1662இல் பதினான்காம் லூயியின் ஆட்சியில் அரச நிறுவனமாக்கப்பட்ட கொபெலின் பட்டறை இப்பிரிவினையை நிர்வாக ஒழுங்காகவே மாற்றியது.

ஹன்னா ரிக்கன் மாதிரிப்படமின்றி நெய்தார். முழுச் சித்திரமும் அவர் மனத்திலேயே இருந்தது. தறியிலே ஒவ்வோர் அங்குலமாக அது உருப்பெற்றது. திட்டமிடுபவரும் நெய்பவரும் ஒருவரே என்பது மட்டுமன்று. திட்டமிடுதலும் நெய்தலும் ஒரே செயலாயின. இதன் இடர்ப்பாட்டை ஓவியரோ எழுத்தாளரோ எளிதில் உணரார். எழுதியதை அடிக்கலாம், தீட்டியதன்மேல் மீண்டும் தீட்டலாம். நெய்து முடிந்த பகுதியோ அடியிலே சுருண்டு கண்ணுக்கு மறைந்துவிடும். மேலேயுள்ள பகுதி வெறும் பாவு. நடுவே கைப்பிடி அகலமான நிகழ்காலம் ஒன்றே கலைஞர் முன் உள்ளது. முடிவுறாத நெசவு என்பது முடிவுறாத ஓவியம் போன்றதன்று. அரைகுறை ஓவியத்திலே முழுமையின் சாயல் எங்கும் பரந்திருக்கும். அரைகுறை நெசவிலே ஒரு பகுதி முற்றாக முடிந்திருக்கும், மறுபகுதி பிறந்தே இராது. இவ்வகையில் அது வரலாற்றை ஒத்திருக்கின்றது. இவ்வுவமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாது. ஆயினும் சமகால வரலாற்றையே பொருளாகக் கொண்ட ஒருவர் இச்சாதனத்தைத் தேர்ந்து அதிலேயே நிலைத்தமை வெறும் சந்தர்ப்பவசம் என்று கொள்வதற்கில்லை.

ஏனெனில், அவர் நெய்தவை பூக்களும் அன்னங்களும் அல்ல. உலகப் பொருளாதார நெருக்கடி நோர்வேயின் மீனவரையும் சிறு விவசாயிகளையும் கடனில் அமிழ்த்திய காலத்திலே, 1933இல், ‘கடன் கடலில் மீன்பிடித்தல்’ உருவாயிற்று. 1935 ஒக்டோபரில் இத்தாலியப் படைகள் எதியோப்பியாவுட் புகுந்தன. அவ்வாண்டிலேயே ‘எதியோப்பியா’ என்னும் சீலை தறியேறியது. 1936இல் நெய்த ‘கனவுகளின் சாவு’, சித்திரவதை முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜேர்மன் சமாதானவாதியும் பத்திரிகையாளருமான கார்ல் ஃபொன் ஒசியெட்ஸ்கியைப் பற்றியது. 1938 ஜூன் 20ஆம் திகதி பெர்லினின் பிளொற்சன்ஸே சிறையிலே லிசெலொட்டே ஹெர்மன் என்னும் இருபத்தெட்டு வயதுக் கம்யூனிஸ்டுப் பெண், குழந்தையொன்றின் தாய், சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருக்கான சீலை அவ்வாண்டிலேயே நெய்யப்பட்டது. செய்தித்தாள் வாயிலாக ஓர்லாண்டை எட்டிய செய்திகளே இவற்றின் மூலங்கள். செய்தி ஒரு நாளிற் பழசாகிவிடும். அதற்கு மாதக்கணக்கான உழைப்பைக் கொடுப்பதன் மூலம், பத்திரிகை மறக்க வைத்ததை அவருடைய தறி நினைவில் நிறுத்தியது. அரசியற் கலை உடனடித் தன்மையையே வேண்டி நிற்பது, சுவரொட்டியே அதன் உயர்ந்த வடிவம் என்று நம்மிடையே நிலவும் எண்ணத்தை இது கேள்விக்குள்ளாக்குகின்றது. தாமதமும் ஓர் அரசியல் நிலைப்பாடாகலாம்.

‘எதியோப்பியா’ 1937ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நோர்வே மண்டபத்திலே தொங்கவிடப்பட்டது. பிக்காசோவின் ‘குவேர்னிக்கா’ வைக்கப்பட்டிருந்ததும் அதே கண்காட்சியிலேயே. ஆனால், எதியோப்பிய வீரனொருவன் முசோலினியின் தலையை ஈட்டியாற் குத்தியிருக்கும் பகுதி பார்வையாளருக்குத் தெரியாதவாறு மடித்து மறைக்கப்பட்டது. இத்தாலி மனம் நோகலாகாது என்பது இராஜதந்திர நியாயம். மடிக்கக்கூடிய கலை என்பதால் தணிக்கையும் எளிதாயிற்று. துணி அலங்காரப்பொருள் என்று எண்ணிய அதிகாரிகளே அத்துணியைக் கண்டு அஞ்சினர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

உருவத்தைப் பொறுத்தவரை ஹன்னா வெறுமையிலிருந்து தொடங்கியவரல்லர். 1879இல் பல்திஷோல் தேவாலயத்திற் கண்டெடுக்கப்பட்ட மத்தியகாலச் சீலையினால் அறியப்படும் பழைய சித்திர நெசவு மரபொன்று நோர்வேக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தேசியவாதம் அம்மரபைத் தேசிய அடையாளமாகப் போற்றிப் புதுப்பித்தது. தட்டையான உருவங்கள், ஆழமின்மை, கட்டங்கட்டமாகப் பகுக்கப்பட்ட பரப்பு, அலங்காரக் கரை ஆகியவற்றை ஹன்னா அதிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆயின் தேசியவாதிகள் புராணக் கதைகளை வைத்த இடத்திலே அவர் எதியோப்பியாவையும் ஸ்பானியாவையும் வைத்தார். மரபுருவம் சர்வதேச உள்ளடக்கத்தைத் தாங்கிற்று. மரபு பிற்போக்காளரின் தனியுடைமை என்று கைவிடுவோர் இவ்வுதாரணத்தைச் சிந்தித்தல் நன்று.

இனி, மட்டுப்பாடுகளையும் கூறவேண்டும். ‘1942 ஒக்டோபர் 6’ என்னும் சீலை 1943இல், நாற்சி ஆக்கிரமிப்பின் மத்தியிலேயே, நெய்யப்பட்டது. ட்ரொண்ட்ஹைம் பிரதேசத்தில் அவசரநிலை பிரகடனப்படுத்தப்பட்டு, நாடக அரங்கின் இயக்குநர் ஹென்றி கிளெடிச் உட்பட 34 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட நாட்களே அதன் பொருள். ஒரு புறம் வானிற் பறக்கும் கோமாளி உருவாக ஹிட்லர், சுடப்படும் கிளெடிச். நடுவே கோபுரத்திலே சேர்ச்சில். மறுபுறம் கொந்தளிக்கும் கடலில் படகொன்றிலே ஹன்னாவின் குடும்பம். இத்தகைய ஒன்றைத் தமது வீட்டிலே தறியில் வைத்திருப்பதன் ஆபத்து விளக்க வேண்டியதன்று. 1944இல் ஹன்ஸ் கைதுசெய்யப்பட்டு கிரீனி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அத்துணிவை மதித்துக்கொண்டே ஒன்றைக் குறிப்பிடலாம். இங்கு பாசிசம் ஒரு மனிதனின் கோரமாகவும், மீட்சி இன்னொரு மனிதனின் உறுதியாகவும் சுருங்கிவிடுகின்றன. பாசிசத்தைத் தோற்றுவித்த சமூக சக்திகள் சீலைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ‘கடன் கடலில் மீன்பிடித்தல்’ இதற்கு மாறானது. அங்கு கொடியவன் ஒருவன் அல்லன், ஓர் உறவுமுறையே கொடியது. அதனாலேயே, பின்னையவற்றின் புகழ் மிகுதியாயினும், 1933ஆம் ஆண்டுச் சீலையை அவருடைய சிந்தனைத் தெளிவின் உச்சமாக நான் கருதுகின்றேன். வியட்நாம் யுத்தம் பற்றி 1966இல் நெய்த ‘புல்லில் இரத்தம்’ இவ்விரண்டையும் இணைக்க முயல்கின்றது. மாட்டிடையர் தொப்பியணிந்த ஜோன்சன் நாயுடன் ஒரு புறமாக நிற்க, சீலையின் பெரும்பகுதியைப் பச்சைப் புல்லும் அதனை அறுத்துச் செல்லும் சிவந்த கோடுகளுமே நிரப்புகின்றன. அங்கு மனிதன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நிகழ்ச்சியே பரப்பாகின்றது. எழுபது வயது கடந்தவரின் கையிலிருந்து வந்தது அது.

1947ஆம் ஆண்டின் ‘தாயின் இதயம்’ வலிப்பு நோயுற்ற தம் மகளைப் பற்றியது. இதனைத் ‘தனிப்பட்ட’ ஆக்கமென ஒதுக்கிவிட்டு ஏனையவற்றை ‘அரசியல்’ எனக் கொள்ளும் விமரிசனம் பெண்ணின் வீட்டுழைப்பை உற்பத்திக்குப் புறம்பாக நோக்கும் அதே தவறையே புரிகின்றது. அவருக்குத் தறியும் தொழுவமும் நோயாளிப் பிள்ளையின் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தவை.

மொரிஸின் முரண்பாட்டை அவர் எவ்வாறு எதிர்கொண்டார்? தம் ஆக்கங்கள் பொதுக் கட்டிடங்களிலே மக்கள் காணுமாறு தொங்கவேண்டும் என விரும்பினார். தனியாருக்கு விற்பதில் அவர் நாட்டங் காட்டவில்லை. ‘மூலதனம்’ நூலின் முதல் அத்தியாயத்திலே இருபது யார் லினன் துணி ஒரு மேலங்கிக்குச் சமமாகி, உழைப்பின் தனித்தன்மையை இழந்து, பரிமாற்றப் பெறுமதியாகிவிடுவதை நாம் படித்திருக்கின்றோம். அச்சமன்பாட்டினுட் புக மறுத்த துணி ஹன்னாவினுடையது. ஆனால், இம்மறுப்பைச் சாத்தியமாக்கியது பண்ணையின் உருளைக்கிழங்கும் ஆட்டுப்பாலும் இருவரின் கடும் உழைப்புமேயன்றி, சந்தையின் தோல்வியன்று. எனவே அவருடைய வாழ்வை எல்லோரும் பின்பற்றத்தக்க மாற்று வழியாகக் காட்டுவது பொருந்தாது. அண்மைக் காலத்திலே இப்போக்கு வலுத்துள்ளது. 1964இல் வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியில் நோர்வேயின் சார்பில் இடம்பெற்ற அவர் 1970இல் மறைந்தபின், நோர்வேக்கு வெளியே பெரிதும் மறக்கப்பட்டார். 2012இல் கசல் நகரின் டொக்கியுமென்டா கண்காட்சி, 2017இல் ஒக்ஸ்போட், 2019இல் பிராங்க்போட் என அவர் மீண்டும் கண்டெடுக்கப்பட்டார். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இயற்கைச் சாயம், தற்சார்பு, நிதானமான வாழ்வு என்ற சொற்கள் முன்னே வருந்தோறும் லிசெலொட்டே ஹெர்மன் பின்னே தள்ளப்படுகின்றார். மின்சாரமில்லாமை அவருக்குத் தத்துவமன்று, வறுமை.

அவருடைய பொதுக் கட்டிடக் கொள்கையின் விளைவொன்று 1958ஆம் ஆண்டின் ‘நாம் ஒரு விண்மீனில் வாழ்கின்றோம்’. ஒஸ்லோவின் அரசாங்க உயர்மாடிக் கட்டிடத்துக்கென ஒப்படைக்கப்பட்டது. நீலப் பிரபஞ்ச வெளியிலே தழுவி நிற்கும் நிர்வாண ஆணும் பெண்ணுமே அதன் மையம். வர்க்கமும் நாடும் கழன்றுபோன இப்பொதுமனிதம் முன்னைய சீலைகளின் கூர்மையைப் பெரிதும் இழந்தது என்பதே என் மதிப்பீடு; சமூக ஜனநாயக அரசொன்று தன் முன்மண்டபத்திலே விரும்பக்கூடிய அளவு மானுடநேயம் அது. வரலாறு அதற்கு வேறொரு பொருளைச் சேர்த்தது. 2011 ஜூலை 22ஆம் திகதி தீவிர வலதுசாரி ஒருவன் அக்கட்டிடத்தின் முன் வெடிக்க வைத்த குண்டு எட்டுப் பேரைக் கொன்றது. உட்டோயா தீவிலே அவன் சுட்டுக் கொன்றோர் 69 பேர். சீலையின் அடிப்பகுதி கிழிந்தது. அதனைப் பழுதுபார்த்தோர் கிழிவைத் தைத்து மூடினரேயன்றி அதன் தடத்தை மறைக்கவில்லை. 1937இல் மடித்து மறைத்த அரசாங்கத்தின் வாரிசுகள் இம்முறை தையலைத் தெரியவிட்டனர்.