முறிந்த பனையை நமக்கும் சேர்த்து வாசித்தல்

'முறிந்த பனை' பற்றி நம்மவர்கள் பேசினால் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான் பேசுவார்கள்: புலிகளைத் தமிழரே விமர்சித்த நூல் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களான ராஜினி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகிய நால்வர் எழுதியது. நம்மை வெளியேற்றியவர்களுக்கு எதிரான சாட்சியாக அதைக் கையில் எடுக்கிறோம். அந்த வாசிப்பைப் பிழை என்று சொல்லமாட்டேன். பாதி வாசிப்பு என்பேன்.

இலங்கை அரசையும் இந்தியப் படையையும் விசாரிக்கும் அந்த நூல், அதே அளவுகோலோடு தன் சொந்தச் சமூகத்தின் பக்கமும் திரும்புகிறது. படித்தவர்கள் ஏன் வாய் மூடியிருந்தார்கள் என்று கேட்கிறது. போருக்குள் அகப்பட்ட பெண்களின் அனுபவத்தை ராஜினி தனியே எழுதினார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 'இப்ப இதப் பேசினா எதிரிக்குத்தான் வாய்ப்பு' என்பதே அப்படிப்பட்டவர்களுக்கு அன்று கிடைத்த பதில்.

வடக்கிலிருந்து நாம் வெளியேற்றப்பட்ட சம்பவம் அந்த நூலில் இல்லை. அது அதற்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் 1990 ஒக்டோபர் 30ஐப் புரிந்துகொள்ள அதன் அளவுகோல் போதும். சோனகத் தெரு மக்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். யார் குற்றம் செய்தது, என்ன சான்று என்ற கேள்வியே எழவில்லை. பால்குடிப் பிள்ளைக்கும் தையற்காரருக்கும் தள்ளாத மூதாட்டிக்கும் ஒரே தீர்ப்பு. அங்கே ஆள் இல்லை, இனம் மட்டுந்தான் இருந்தது. பகுத்தறிவு, தனிமனித சுதந்திரம் என்பதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அன்று அந்த மைதானத்தில் நமக்குத் தேவைப்பட்டது வேறு என்ன?

2020இலும் நாம் இதே மொழியில்தான் பேசினோம். கொவிட்டில் இறந்தோரைக் கட்டாயமாக எரித்தபோது, 'நிலத்தடி நீர் கெடும் என்பதற்குச் சான்று எங்கே?' என்று கேட்டோம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியும், அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரியில்தான். நமது கேள்வி நியாயமானது.

அந்தக் கேள்வியை இனி வீட்டுக்குள்ளும் கேட்போம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. காதியாக ஓர் ஆணையே நியமிக்கலாம் என்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவாகத்தைக்கூடக் காதியின் அனுமதியோடு பதியலாம் என்கிறது. திருத்தம் பற்றி ஆராய 2009இல் சலீம் மர்சூப் தலைமையில் குழு நியமித்தார்கள். அறிக்கை 2018இல் வந்தது. அதிலும் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது.

'ஞானசார தேரரை வைத்து ஒரே நாடு ஒரே சட்டம் என்று செயலணி போட்டவங்க இருக்கிற நாட்டில இதப் பேசலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. அச்சம் வெறுங்கற்பனை அல்ல. 2019க்குப் பிறகு பட்டது போதும். ஆனாலும் கேட்டுப் பாருங்கள், இது ராஜினிக்குச் சொன்ன அதே பதில். எதிரி இல்லாத காலம் எந்தச் சிறுபான்மைக்கும் வரப்போவதில்லை. அதுவரை அந்தப் பிள்ளையைப் பொறுத்திருக்கச் சொல்ல நாம் யார்?

கொடுங்கோன்மை அரசிடமிருந்து மட்டுமல்ல, சமூகத்திடமிருந்தும் வரும் என்று ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859இல் எழுதினார். அவரிடம் போகாமலே நமக்கு இது தெரியும். மறுமையில் குடும்பமாக, ஊராக அல்ல, ஒவ்வொருவரும் தனித்தனியேதான் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று நம்புகிறோம். இறைவன் முன் தனியாக நிற்கப்போகிற பெண்ணுக்கு, தன் நிக்காஹ் பதிவில் ஒரு கையொப்பம் இட உரிமை இல்லையா?

கூட்டுரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரும்பி வந்த குடும்பங்களுக்குக் காணியும் வீடும் பாடசாலையும் கேட்பது கூட்டாகத்தான் முடியும். ஆனால் கூட்டுக்குள்ளே ஒருவர் வாய் திறக்க முடியாவிட்டால், அந்தக் கூட்டு வெளியே கேட்கும் நீதியில் வலுவிருக்காது. 'தமிழர்' என்று மொத்தமாகக் குற்றம் சாட்டும்போதும் நாம் அதே தவறைத்தான் செய்கிறோம். நாம் போனபோது அழுத அயலவர்களும் தமிழர்தான்.

'முறிந்த பனை'யை மெச்சுபவர்கள் அதன் முறையையும் ஏற்கவேண்டும். மணமகளின் கையொப்பத்திலிருந்து தொடங்கலாம்.