கல்யாண வேன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் கல்யாணம் என்றால் அன்று ராத்திரியே வேன் கிளம்பிவிடும். டைலர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் அக்கா, அயர்ன்காரர் எல்லாரும் ஒரே வேனில். திண்டுக்கல், தேனிப் பக்கம் என்றால் தாராபுரம் வரை பாட்டு; அப்புறம் குறட்டை.

காங்கயம் பக்கத்துக் கொங்குக் கல்யாணம் என்றால் இன்னும் விசேஷம். அருமைக்காரர் சடங்கை நடத்துவார். இணைச்சீர் என்ற சடங்கில் மாப்பிள்ளையோடு அவர் உடன்பிறந்தாள் நிற்பார். எங்களோடு வேலை பார்க்கும் மதுரைப் பையன்கள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். எனக்கும் முகூர்த்தத்தைவிட அதுதான் பிடிக்கும்.

மொய்க்கு கம்பெனியில் லைன் வாரியாக வசூல் செய்து ஒரே கவராக வைப்பார்கள். பந்தியில் இடம் பிடிப்பதில் மட்டும் அந்த ஒற்றுமை இருக்காது! அடுத்த பத்திரிகை வந்தால் ஜன்னலோர சீட்டுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.