மூன்றாவது பந்தில் மறுத்த கழுத்து

கொல்கத்தா ஈடன் கார்டன், 2025 நவம்பர் 15. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான முதல் டெஸ்டின் இரண்டாம் நாள். வாஷிங்டன் சுந்தர் 29 ரன்னில் ஆட்டமிழக்க, கேப்டன் ஷுப்மன் கில் உள்ளே வந்தார். சைமன் ஹார்மரின் சுழலை முட்டி மடக்கி லெக் பக்கம் இழுத்தடித்தார். பந்து எல்லைக்கோட்டுக்குப் போனது, அடித்தவரின் கை பிடரிக்குப் போனது. பிசியோ ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் கில் பெவிலியனை நோக்கி நடந்துவிட்டார். 3 பந்து, 4 ரன். அந்த டெஸ்டில் அவர் மறுபடி மட்டையைத் தொடவில்லை.

மறுநாள் இந்தியாவுக்கு இலக்கு 124. ஒன்பது விக்கெட்டோடு இன்னிங்ஸ் முடிந்தபோது ஸ்கோர் 93. தோல்வி 30 ரன்னில். ஆடுகளத்தைப் பற்றி அந்த வாரம் முழுக்கப் பேசினோம், பேச வேண்டியதும்தான். ஆனால் வாஷிங்டனின் 31 ரன்னே இந்தியாவின் அதிகபட்சமாக இருந்த அந்த இன்னிங்ஸில், நான்காம் நிலை ஆட்டக்காரர் இல்லாமல் ஆடியதன் விலையை யாரும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்விதான் ஊரெல்லாம் கேட்டது: கழுத்துப் பிடிப்புக்கா ஒரு கேப்டன் டெஸ்டை விட்டுப் போவார்?

போவார். போகவும் வேண்டும். பேட்டிங் என்பது கண்ணும் கையும் காலும் சேர்ந்த வேலை என்று சொல்லிக்கொடுக்கிறோம். கண்ணைப் பந்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது கழுத்து என்பதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

வலது கை ஆட்டக்காரர் ஒருவர் நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மார்பு பாயின்ட் திசையைப் பார்க்கிறது. இடது தோள் பந்துவீச்சாளரைப் பார்க்கிறது. முகம் மட்டும் இடது தோளுக்கு மேலே திரும்பி, இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில், வருகிற பந்தைப் பார்க்கிறது. நல்ல கழுத்துள்ள இளைஞர் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி வரை தலையைத் திருப்ப முடியும். அதில் பெரும்பகுதியை ஒவ்வொரு பந்துக்கும் பேட்டிங் கேட்டு வாங்குகிறது. பத்து, பதினைந்து டிகிரி குறைந்தால்கூட, பின்னால் இருக்கும் வலது கண்ணின் பார்வையில் மூக்குத்தண்டு குறுக்கே வரத் தொடங்கும். பந்தின் நீளத்தை ஒன்றரைக் கண்ணால் அளக்க வேண்டிய நிலை. ஹார்மர் போன்ற சுழற்பந்து வீச்சாளரை, கொல்கத்தா போன்ற தரையில், ஒன்றரைக் கண்ணால் யாரும் ஆட முடியாது.

இந்தத் திருப்பம் எங்கே நடக்கிறது? கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றில் மேலிரண்டின் அமைப்பே தனி. பாட்டி வீட்டுத் திருகையை நினைவிருக்கிறதா? கீழ்க்கல்லின் நடுவில் ஒரு முளை நிற்கும், மேற்கல் அதைச் சுற்றிச் சுழலும். கழுத்தின் இரண்டாம் எலும்பிலிருந்து அப்படியொரு முளை மேல்நோக்கி நிற்கிறது. வளையம் போன்ற முதல் எலும்பு, மண்டையோட்டைச் சுமந்துகொண்டு அதைச் சுற்றித் திரும்புகிறது. கழுத்துத் திருப்பத்தில் பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. மீதிப் பாதியைக் கீழுள்ள எலும்புகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. மேலே உட்கார்ந்திருக்கும் தலையோ நாலரை, ஐந்து கிலோ. கிரிக்கெட்டில் அதற்கு மேல் ஹெல்மெட்டும் ஏறுகிறது.

சுழற்றும் தசைகளில் ஒன்று, காதுக்குப் பின்னுள்ள எலும்பிலிருந்து சரிந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் வருவது. கண்ணாடி முன் நின்று இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கத் தசை கயிறாகப் புடைப்பதைக் காணலாம். இன்னொன்று கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து தோள்பட்டையின் மேல்முனைக்கு இறங்குவது. காலையில் எழும்போது கழுத்து பிடித்துக்கொண்டது என்று நாம் கைவைத்துக் காட்டும் இடம் பெரும்பாலும் இதுதான். அன்று காலை கில் கழுத்து இறுக்கத்தோடுதான் எழுந்தார் என்று இந்தியப் பந்துவீச்சுப் பயிற்சியாளர் மோர்னே மோர்கல் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், பெங்களூருவில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டையும் இதே கழுத்தால் கில் தவறவிட்டார். ஆகவே இது வானத்திலிருந்து விழுந்த விபத்து அல்ல.

அந்தக் கடைசி அடியை இப்போது மறுபடி ஓட்டிப் பார்ப்போம். நிற்கும்போது உடலுக்கு ஒப்பாக முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. இழுத்தடிக்கும்போது தோளும் மார்பும் இடப்பக்கமாகச் சுழன்று வருகின்றன. பந்தைவிட்டுக் கண் விலகக் கூடாது என்பதால் தலை இருந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும். விளைவு, கண் சிமிட்டும் நேரத்தில், உடலுக்கு ஒப்பாகக் கழுத்து இடக்கோடியிலிருந்து நடுவைக் கடந்து வலப்பக்கம் போய்விடுகிறது, அதுவும் குனிந்த நிலையில். தலை அசையக் கூடாது என்று பயிற்சியாளர் கத்துவதைச் செய்து முடிப்பதற்குக் கழுத்துதான் இவ்வளவு அசைகிறது. காலையிலேயே இறுகியிருந்த தசைக்கு இதைவிடக் கடுமையான சோதனையை நானறிந்தவரை எந்த ஷாட்டும் வைப்பதில்லை.

கழுத்துக்கு வேலை குறைவாக வைத்து ஆடியவரும் உண்டு. கயானாவின் ஷிவ்நாராயண் சந்தர்பால் ஏறக்குறைய மார்பையே பந்துவீச்சாளருக்குக் காட்டி நின்றார். நண்டு போல நிற்கிறார் என்றார்கள். 164 டெஸ்ட், 11,867 ரன். அந்த நிலைக்கு முகம் தோளைத் தாண்டித் திரும்பவே வேண்டாம், இரண்டு கண்ணும் நேராகப் பந்தைப் பார்க்கும். அழகில்லை என்று சொன்ன அதே நிலையை, கழுத்து அடிக்கடி இறுகும் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளர்கள் கொஞ்சமாவது கடன் வாங்கித் தரலாம் என்பது என் எண்ணம்.

மைதானத்தில் கழுத்தைச் சோதிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மருத்துவர் முதலில் கேட்பது எப்படி அடிபட்டது என்பதை. தலைகுப்புற விழுந்தாரா? கையிலோ காலிலோ மரத்துப்போகிறதா, சுரீரென்று ஓடுகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் கழுத்தை அசைத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. தலையை இருந்தபடியே தாங்கிப் பிடித்துப் படம் எடுக்க அனுப்ப வேண்டியதுதான். அப்படி ஒன்றுமில்லை என்றால், பிடரியின் நடுக்கோட்டில் எலும்பின் மேல் விரல் வைத்து வலி பார்ப்பார்கள். பிறகு வீரரே மெதுவாக இடமும் வலமும் திரும்ப வேண்டும். கனடா மருத்துவர்கள் 2001இல் வகுத்த விதியில், ஆபத்துக் குறிகள் இல்லாதவர் தானாகவே இரு பக்கமும் 45 டிகிரி திரும்பிவிட்டால் எக்ஸ்ரேகூடத் தேவையில்லை. திருப்புவது அவர், பார்ப்பது மட்டுமே மருத்துவர். வலிக்குமுன் நிற்கத் தெரிந்த கை, கழுத்தின் சொந்தக்காரரின் கை மட்டும்தான்.

அடுத்தது கைகள். கழுத்து எலும்பு ஏழு, கழுத்து நரம்போ எட்டு இணை. தோளைப் பக்கவாட்டில் தூக்கும் பலம் ஐந்தாம் நரம்பினது, மணிக்கட்டை நிமிர்த்துவது ஆறாவது, முழங்கையை நீட்டுவது ஏழாவது, விரலை மடக்கிப் பிடிப்பது எட்டாவது. சுண்டுவிரல் மரத்தால் மருத்துவரின் கவனம் கழுத்தின் அடிவாரத்துக்குப் போகும், கட்டைவிரல் மரத்தால் அதற்கு மேலே. மட்டையைப் பிடிக்கும் கை கழுத்தைப் பற்றி இவ்வளவு சொல்லும்.

இந்த ஒழுங்கு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு பெர்ட் டிரவுட்மன் சாட்சி. 1956 மே 5, வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி. மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பரான அவர், பர்மிங்காம் சிட்டியின் பீட்டர் மர்ஃபியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது மர்ஃபியின் முட்டி கழுத்தில் இடித்தது. ஆட்டம் முடிய ஏறத்தாழ 17 நிமிடம் இருந்தது. மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்காத காலம். தள்ளாடியபடியே நின்று கோலைக் காத்தார். சிட்டி 3-1 என வென்றது. சாதாரணப் பிடிப்பு என்றே முதலில் சொன்னார்கள். நான்காம் நாள் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இரண்டாம் எலும்பு பிளந்திருப்பது தெரிந்தது, திருகையின் முளை நிற்கும் அதே எலும்பு. மூன்றாம் எலும்பு அதன் மேல் முட்டுக்கொடுத்தாற்போல் இறுகி நின்றதால் அவர் பிழைத்தார். அந்தப் 17 நிமிடத்தை வீரம் என்று எழுதுகிறார்கள். அந்த மனிதரின் துணிவை வணங்குகிறேன். அவரை அங்கேயே நிற்கவிட்ட விளையாட்டை என்னால் வணங்க முடியாது.

ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2014 நவம்பர் 25, சிட்னி, ஆட்டமிழக்காமல் 63. ஹூக் ஷாட்டைச் சற்று முன்னதாகவே ஆடி முடித்து முகம் திரும்பிவிட, பவுன்சர் ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தின் இடப்பக்கத்தைத் தாக்கியது. கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் தமனி அங்கே கிழிந்தது. இரண்டு நாளில் போய்விட்டார். 26ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. ஹெல்மெட்டின் பின்னால் தொங்கும் கழுத்துக் காப்பை ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியது 2023 அக்டோபரில். ஒன்பது ஆண்டு ஆயிற்று.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் மாற்று ஆட்டக்காரரை இறக்க டெஸ்ட் கிரிக்கெட் 2019 முதல் அனுமதிக்கிறது. கழுத்து மறுத்தால் அனுமதி இல்லை. கொல்கத்தாவில் இந்தியா ஒருவர் குறைவாக ஆடியது அதனால்தான். அப்படியிருந்தும் கில்லை மருத்துவமனைக்கு அனுப்பியது, அடுத்து நடந்த குவாஹாட்டி டெஸ்டிலும் இறக்காதது, இரண்டும் சரியான முடிவுகள். அந்த டெஸ்டை 408 ரன்னில் தோற்றோம் என்பதால் அது தவறாகிவிடாது.

நம் ஊர்க் கபடிக் களங்களிலும் டென்னிஸ் பந்துப் போட்டிகளிலும் மருத்துவர் இருக்க மாட்டார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பையனுக்குச் சுளுக்கு எடுக்கிறேன் என்று ஒருவர் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்புவார், சடக்கென்று சத்தம் வந்ததும் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதைச் செய்யவிடாதீர்கள். தலைகுப்புற விழுந்திருந்தால், கை கால் மரத்தால், தலையை அப்படியே தாங்கிக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மற்றபடி, அவனையே மெல்லத் திரும்பச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது.