மீனும் வலையும்

முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து திமிங்கலச் சுறாவோடு நீந்துவது இன்று பயணிகளின் பெருவிருப்பம். 12 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியதாயினும், கடலின் சிற்றுயிர்களை வடித்துண்ணும் சாதுவான மீன் அது. அதன் அழகைப் போற்றும் படங்கள் பல. மைக் பாண்டேயின் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ (2000) அவற்றினின்றும் வேறானது. குஜராத் கரையில் அம்மீன் கொன்று குவிக்கப்படுவதை அது உலகுக்குக் காட்டிற்று. 2001இல் இந்திய அரசு அவ்வேட்டையைத் தடை செய்தது. கலை சட்டத்தை அசைத்த அரிய வெற்றி இது.

ஆயின், கதை படத்தோடு முடியவில்லை. சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுக்கவேண்டும். வலையோ மீனவக் குடும்பத்தின் முதல். அறுத்த வலைக்கு நட்டஈடு வழங்க அரசு முன்வந்தது. வேட்டையாடிய கரையிலேயே நூற்றுக்கணக்கான சுறாக்கள் விடுதலை பெற்றன.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட காத்தான்குடியிலும் வலையை நம்பி வாழ்வோர் உளர். நம் கடலைப் படம்பிடிக்க வருவோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: மீனின் அழகைக் காட்டுங்கள், அதற்காகத் தன் வலையை அறுப்பவனையும் காட்டுங்கள்.